கியர் போட்டாத்தான் ஆம்பளையா?

போன ஞாயித்துக்கிழமை செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் வாசல்ல செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தப்ப ஆரம்பிச்ச சண்டை இது. நம்மாளுங்க சண்டையெல்லாம் கோயில் வாசல்லயோ கல்யாணப் பந்தியிலயோதான் ஆரம்பிக்கும், அது என்ன ராசியோ.

மாட்டுங்கால ஒரு மாமா இருக்கார். வயசு எழுபத்தெட்டு. அவங்க அப்பா புக் பண்ணி, வருஷக்கணக்கா காத்திருந்து, 1975ல எடுத்த பிரீமியர் பத்மினி ஒண்ணு அவங்க கட்டட காம்பவுண்டுல துணி போத்திக்கிட்டு நிக்குது. மாமாவோட பேரன் பவாய்ல பொட்டி தட்டுறான். ராத்திரி பூரா அமெரிக்காக்காரன் வீடியோ பாத்துட்டு, தாத்தா காரை 'ஹாட் ராட்' ஆக்கப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். கூரையைத் தாழ்த்தணும், பின்னாடி அகல டயர் போடணும், பெரிய இன்ஜின் இறக்கணும். அவனுக்கு இருந்த ஒரே சந்தேகம், கியர் பெட்டி மேனுவலா ஆட்டோமேட்டிக்கா?

கேட்டதுதான் தாமதம், சுத்தி நின்ன அஞ்சாறு பேரும் ஒரே குரல்ல, "ஆட்டோமேட்டிக்கா? அதெல்லாம் லேடீஸ் வண்டிடா."

பின்னாடி தங்கமணி பிரசாத தொன்னையோட நின்னுக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணும் சொல்லலை. என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அந்தப் பார்வைக்கு அர்த்தம் என்னன்னு கீழே வருது. அதுக்கு முன்னாடி அந்த அஞ்சாறு பேர்கிட்டயும் நான் கோயில் வாசல்ல சொல்லாம விட்டதைச் சொல்லிடறேன். நாலு பேரு இருக்கற இடத்துல எனக்கு வாய் வராது, எழுதத்தான் வரும்.

முதல்ல ஹாட் ராட். 1932 மாடல் ஃபோர்டு வி8 மாதிரி பழைய வண்டிகளை சல்லிசா வாங்கி, தேவையில்லாத தகரத்தையெல்லாம் கழட்டிப் போட்டு, இன்ஜினை முடுக்கி, தெற்கு கலிபோர்னியாவோட வறண்ட ஏரிப் படுகைகள்ல ஓட்டின பசங்க உண்டாக்கின சமாச்சாரம். அந்தப் பசங்களுக்கு ஆரம்பத்துல மூணு கியர் மேனுவல்தான், வேற கிடையாது. ஆனா 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்ல ஹைட்ராமேட்டிக்னு முழு ஆட்டோமேட்டிக் வந்ததுக்கப்புறம் கதை மாறிடுச்சு. 1950கள்லயே கால் மைல் பந்தயம் ஓட்டினவங்க அந்த ஹைட்ராமேட்டிக்கை எடுத்து பலப்படுத்தி மாட்ட ஆரம்பிச்சாங்க. காரணம் ரொம்ப சாதாரணம். காலும் கையும் தப்பு பண்ணும், பெட்டி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி மாத்தும். ஜெயிக்கணும்னு நினைச்சவன் எது வேகம்னு பாத்தான், மீசையைப் பாக்கலை.

இதே ஹைட்ராமேட்டிக்கைத்தான் இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்காவோட எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில ரெண்டு காடிலாக் இன்ஜினோட சேத்து வெச்சாங்க. டாங்கிங்க. பீரங்கி வெச்ச லேடீஸ் வண்டி!

சரி, பந்தயம்னு வந்தா நம்ம ஊர் சோழவரத்தை விட முடியாது. பழைய விமான ஓடுதளத்துல இதே ஃபியட்டை முடுக்கி ஓட்டின காலம் ஒண்ணு இருந்தது. அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நம்ம பெரிசுங்க கொசுவர்த்தி சுருளைக் கொளுத்திடுவாங்க. ஆனா ஃபார்முலா ஒன் வரைக்கும் போன நம்ம நரேன் கார்த்திகேயன் 2005ல ஜோர்டான் வண்டியில கிளட்சை மிதிச்சா கியர் மாத்தினார்? ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இருக்கற பட்டையை விரலால இழுத்தார், அவ்வளவுதான். அந்த ஏற்பாடு 1989ல ஃபெராரி கொண்டு வந்தது. முதல் பந்தயத்துலயே, பிரேசில்ல, மேன்செல் ஜெயிச்சும் காட்டினார். கியரைத் தேர்ந்தெடுக்கறது ஓட்டறவன்தான், அதனால அது முழு ஆட்டோமேட்டிக் இல்லைன்னு ஒரு புத்திசாலி மடக்குவார். ஒத்துக்கறேன். ஆனா இடது கால் மிதிக்கறதுலதான் வீரம் இருக்குன்னு சொல்றவங்களுக்கு அந்த ஒரு விரல் போதும்.

இன்னும் பக்கத்துல வருவோம். 1984ல கைனடிக் ஹோண்டா வந்தப்ப நம்ம அப்பாங்க என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா? எங்க அப்பா அம்பாசமுத்திரத்துல பஜாஜ் சேத்தக்கை சாய்ச்சு சாய்ச்சு உதைச்சுக்கிட்டே, "பொம்பளைப் பிள்ளையளுக்கு லாயக்கு"ன்னு சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. அப்புறம் 2001ல ஆக்டிவா வந்தது. சில வருஷத்துல கியர் வெச்ச சேத்தக்கையே பஜாஜ் நிறுத்திட்டாங்க. 2020ல அதே பேர்ல திரும்பி வந்தது மின்சார வண்டி, கியரும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. இன்னைக்கு கியர் இல்லாத ஸ்கூட்டர்ல போற எந்த ஆம்பளையையாவது யாராவது சிரிக்கிறாங்களா? கோயில் வாசல்ல அன்னைக்கு நின்ன அஞ்சு பேர்ல மூணு பேர் வந்தது ஆக்டிவாலதான். நான் எண்ணினேன்.

ஆக, ரெண்டு சக்கரத்துல தீர்ந்து போன பஞ்சாயத்து இது. நாலு சக்கரத்துல மட்டும் ஏன் தீரலை? ஸ்கூட்டர் வீட்டுக்கு ரெண்டு வாங்கலாம். கார் ஒண்ணுதான். அந்த ஒண்ணு யாருதுங்கறதுதான் இங்க விஷயமே.

இப்ப தங்கமணி பார்வைக்கு வரேன்.

அவங்க 2009லயே லைசென்ஸ் எடுத்தாச்சு. நல்லா கவனிங்க, நம்ம நாட்டுல காருக்கு எல்.எம்.வி. ஒண்ணுதான், மேனுவலுக்குத் தனி ஆட்டோமேட்டிக்குக்குத் தனின்னு கிடையாது (ரெண்டு சக்கரத்துக்குத்தான் கியர் இல்லாததுக்குத் தனி). டிரைவிங் ஸ்கூல் மேனுவல் வண்டியிலதான் எடுத்தாங்க, முதல் தடவையே பாஸ். நான்தான் ரெண்டாவது தடவை பாஸ் பண்ணவன், அது குடும்ப ரகசியம்.

லைசென்ஸ் வந்த ரெண்டாவது வாரம். அமர் மஹால் மேம்பாலம் ஏறற இடம், சாயங்காலம் ஏழு மணி. ஏத்தத்துல வண்டி நின்னு நின்னு போகுது. அரை கிளட்ச்ல வெச்சு எடுக்கறப்ப ஆஃப் ஆயிடுச்சு. மறுபடி ஸ்டார்ட் பண்ணி எடுத்தா ஒரு அடி பின்னாடி உருளுது. பின்னாடி பெஸ்ட் பஸ் ஹாரன். பக்கத்து சீட்டுல இருந்த நான் என்ன செஞ்சிருக்கணும்? "ஹேண்ட் பிரேக் போட்டுட்டு நிதானமா எடு"ன்னு சொல்லியிருக்கணும். நான் என்ன செஞ்சேன்? "கிளட்ச் பிளேட் எரியுது, நாத்தம் வருது பாரு, இறங்கு நீ"ன்னு கத்தினேன். நடு மேம்பாலத்துல இறங்கி இடம் மாத்திக்கிட்டோம். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில மாட்டினவங்க ஏழு வருஷம் அதைத் தொடவே இல்லை.

நானும் அதைப் பெருசா எடுத்துக்கலை. "எங்க வீட்ல அவளுக்கு ஓட்ட பயம்"னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். இந்த வசனத்தை எத்தனை தமிழ் வீடுகள்ல கேட்டிருப்பேன்! பயம் அவங்களுக்கு வண்டி மேல இல்லீங்க. பக்கத்து சீட்டு மேல.

2016 ஜூலை. ராத்திரி ரெண்டரை மணி, கொட்டற மழை. எனக்கு சிறுநீரகக் கல். பட்டவங்களுக்குத் தெரியும், நிக்கவும் முடியாது உக்காரவும் முடியாது, தரையில புழு மாதிரி சுருண்டு கிடந்தேன். கீழே பார்க்கிங்ல எங்க கார் நிக்குது. சாவி ஆணியில தொங்குது. லைசென்ஸ் வெச்சிருக்கற பொண்டாட்டி பக்கத்துல நிக்கறாங்க. கைபேசியில கூப்பிட்ட வாடகை வண்டி ரெண்டு தடவை கேன்சல். தங்கமணி சாவியை எடுத்து, கையில வெச்சுப் பாத்துட்டு, திரும்ப மாட்டிட்டாங்க. அதை நான் தரையில கிடந்துக்கிட்டே பாத்தேன். நைட்டி மேல ரெயின்கோட்டைப் போட்டுக்கிட்டு டயமண்ட் கார்டன் வரைக்கும் மழையில ஓடி, ஒரு டாக்சியைப் பிடிச்சிட்டு வந்தாங்க.

கறுப்பு மஞ்சள் பத்மினி அது. கிழவர் ஒருத்தர் ஸ்டியரிங் கியரை இடது கையால சரக் சரக்னு தள்ளிக்கிட்டே, முழங்கால் அளவு தண்ணியில எங்களைக் கொண்டு போய்ச் சேத்தார். மேனுவல் ஓட்டினவர்தான் என்னைக் காப்பாத்தினார், அதை மறுக்கலை. ஆனா எங்க வீட்டு மேனுவல் கார் கீழே சும்மா நின்னுச்சே, அதுக்கு யார் பொறுப்பு? நான்தான்.

அடுத்த தீபாவளிக்கு ஆட்டோமேட்டிக் வாங்கினோம். தங்கமணி மூணாவது நாளே கிங்ஸ் சர்க்கிள் போய் காய்கறி வாங்கிட்டு வந்தாங்க. தனியா.

இப்ப எதிர்க் கட்சி வாதங்களைப் பாப்போம்.

விலை அதிகம்பாங்க. உண்மை. 2014ல மாருதி செலேரியோல ஏ.எம்.டி. வந்ததுக்கப்புறம் அந்த வித்தியாசம் சின்ன வண்டிகள்ல ஐம்பதாயிரம் சொச்சத்துக்கு இறங்கிடுச்சு. டார்க் கன்வர்ட்டர், சி.வி.டி. எல்லாம் லட்சத்துக்கு மேல போகும். ஏ.எம்.டி.ன்னா வேற ஒண்ணுமில்லை, அதே மேனுவல் பெட்டிதான். உங்க இடது காலுக்கும் இடது கைக்கும் பதிலா ஒரு கருவி உக்காந்து கிளட்சை அமுக்கி கியரை மாத்தும். அதனாலதான் மலிவு. அதனாலதான் மாத்தறப்ப ஒரு தலையாட்டலும் வரும், புது மாப்பிள்ளை மாதிரி. குலுங்குதேன்னு குறை சொல்றவங்க, தாங்கள் முதல் வருஷம் ஓட்டினப்ப குடும்பம் எப்படிக் குலுங்கிச்சுன்னு வீட்ல கேட்டுப் பாக்கலாம்.

மைலேஜ் போகும்பாங்க. பழைய டார்க் கன்வர்ட்டர்ல போச்சு. உள்ளே எண்ணெய்தான் சக்தியைக் கடத்துது, அதுல கொஞ்சம் வீணாகும். ஏ.எம்.டி.ல கிட்டத்தட்ட மேனுவல் அளவுதான். இந்த வாதத்தை வைக்கறவர்தான் சிக்னல்ல மூணு நிமிஷம் இன்ஜினை அணைக்காம ஏ.சி. போட்டுக்கிட்டு உக்காந்திருப்பார்.

காட் ரோடுல ஆபத்துன்னு ஒண்ணு. கண்டாலா இறங்கறப்ப இன்ஜின் பிரேக் வேணும்னு. ஆட்டோமேட்டிக்லயும் தாழ்ந்த கியர்ல பிடிச்சு வைக்க வழி இருக்கு, லீவர்லயே எழுதியிருக்கான், புத்தகத்துலயும் போட்டிருக்கான். புத்தகத்தைப் பிரிக்காம டாஷ்போர்டுல வெச்சு அதுமேல பிள்ளையாரை ஒட்டினது நம்ம தப்பு. நாங்க வருஷா வருஷம் ஊருக்கு இதுலதான் போறோம். புனே, பெங்களூரு, கிருஷ்ணகிரி, சேலம், மதுரை, நெல்லைன்னு 1,600 கிலோமீட்டருக்குக் குறையாது. முன்னாடி நான் ஒருத்தனே ஓட்டி ஊர் போய்ச் சேர்றப்ப வாழை நார் மாதிரி கிடப்பேன். இப்ப பாதி அவங்க, பாதி நான். ராத்திரி தூக்கக் கலக்கத்துல ஓட்டறதைவிட பெரிய ஆபத்து காட் ரோடுல இருக்கா?

ஒரு குறை நிஜமா இருக்கு, மறைக்க மாட்டேன். சில ஏ.எம்.டி. வண்டி ஏத்தத்துல பிரேக்கை விட்டா லேசா பின்னாடி வரும். வாங்கறப்ப ஏத்தத்துல பிடிச்சு நிறுத்தற வசதி இருக்கான்னு கேட்டு வாங்குங்க. அமர் மஹால்ல ஏறிப் பாத்து வாங்குங்க, ஷோரூம் வாசல்ல ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வராதீங்க.

அப்புறம், "கியர் மாத்தறதுல ஒரு சுகம் இருக்கு". எங்கே? சயான்லயா? எனக்கு ஆபீஸ் பி.கே.சி.ல. 2019ல சுன்னாபட்டி மேம்பாலம் திறக்கறதுக்கு முன்னாடி சயான் சர்க்கிள் வழியா தாராவியைத் தாண்டித்தான் போவேன். ஒரு நாள் வேணும்னே கிளட்ச் எத்தனை தடவை மிதிக்கறேன்னு எண்ணினேன். இருநூத்துச் சொச்சத்துல எண்ணிக்கை விட்டுப் போச்சு, தாராவி இன்னும் தாண்டலை. 2024 ஆகஸ்டுல சயான் ரயில் மேம்பாலத்தை இடிக்கறதுக்காக மூடினப்ப அந்தப் பக்கம் போனவங்களைக் கேளுங்க, அந்தச் சுகம் எப்படி இருந்துச்சுன்னு.

கேக்க வேண்டிய ஒரு ஆள் எனக்குத் தெரியும். தாராவி தொண்ணூறு அடி ரோடு பக்கம் எங்க ஊர்க்கார அண்ணாச்சி ஒருத்தர், இருபத்தஞ்சு வருஷமா டெம்போ ஓட்டறார். தோல் சாமான், ரெடிமேடு துணின்னு எது கிடைச்சாலும் ஏத்துவார். அவர் நடக்கறப்ப இடது கால் கொஞ்சம் இழுக்கும். இந்த மேனுவல் பெருமையெல்லாம் அவர்கிட்ட ஒரு நாள் சொல்லிப் பாத்தேன். பீடியைத் தட்டிட்டு, "தம்பி, ஒங்களுக்கு அது வீரம். எங்களுக்கு அது முட்டுவலி. பெஸ்ட்ல இப்ப கரண்டு பஸ் ஓட்டுதானுவ பாருங்க, கிளட்சே கெடையாது. அவனுவளைப் பாத்தாத்தான் எனக்குப் பொறாமையா இருக்கு"ன்னார். தொழிலா கியர் போடறவனுக்கு அதுல பெருமை எதுவும் தெரியலை. ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டறவனுக்குத்தான் தெரியுது.

சரி, மாமா பேரனோட ஹாட் ராட்? அவனுக்கு நான் சொல்ற பதில் உங்களுக்கு ஆச்சரியமா இருக்கலாம். தம்பி, அதுல ஆட்டோமேட்டிக் மாட்டாதே. ஹாட் ராடும் ஆக்காதே.

சட்டமே இடம் கொடுக்காது. தயாரிச்சவன் கொடுத்த அடிப்படை அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில கேரள வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. மோட்டார் வாகனச் சட்டத்துல 52வது பிரிவைப் பாரு. கூரையை வெட்டினா, அனுமதி இல்லாம இன்ஜினை மாத்தினா, ஒவ்வொரு மாத்தத்துக்கும் அஞ்சாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்கூட உண்டு. அதைவிட முக்கியமானது, உன் தாத்தா வண்டிக்கு அம்பது வயசு ஆயிடுச்சு. 2021ல வந்த விதிப்படி, அம்பது வருஷத்தைத் தாண்டின, பெரிய மாத்தம் எதுவும் பண்ணாத வண்டியை வின்டேஜ்னு பதியலாம். இருபதாயிரம் ரூபாய் கட்டணம், நம்பர் பிளேட்ல 'வி.ஏ.' எழுத்து. தினசரி ஓட்ட முடியாது, ஆனா கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல், ரிப்பேர் எல்லாத்துக்கும் வெளிய எடுக்கலாம். கூரையில ரம்பம் பட்ட அன்னிக்கே அந்தத் தகுதி போச்சு.

இந்த வண்டி குர்லாவுல பொறந்தது. அந்த ஆலை இருந்த இடத்துல இப்ப கோஹினூர் சிட்டி நிக்குது. 2003 அக்டோபர்ல பதிவான கடைசி பத்மினி டாக்சிக்கும் இருபது வருஷ வயசு வரம்பு முடிஞ்சு, 2023 அக்டோபர் கடைசியில இந்த ஊர் ரோட்டை விட்டு டாக்சியாவே பத்மினி போயிடுச்சு. என்னை மழையில தூக்கிட்டுப் போனது மாதிரி ஒண்ணு இனி டயமண்ட் கார்டன் வாசல்ல நிக்காது. 1089 சிசி, நாலு கியர், முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டி முழுசா நின்னாத்தான் சத்தம் இல்லாம விழும். முன்னாடி ஒரே நீள சீட்டு. கியர் கம்பி ஸ்டியரிங் பக்கத்துல இருக்கறதாலதான் நடுவுல ஒரு பிள்ளையையும் உக்கார வைக்க முடிஞ்சது. உன் அம்மா அந்த நடு இடத்துல உக்காந்துதான் மாட்டுங்கா ஸ்கூலுக்குப் போயிருப்பாங்க, கேட்டுப் பாரு. அந்த கியர் கம்பி அந்த வண்டியோட வரலாறு, அதனால அதுல இருக்கட்டும். வீட்டுக்கு தினம் ஓடற வண்டிக்கு எந்த வரலாறும் வேண்டாம். யார் வேணும்னாலும் எடுத்துக்கிட்டுப் போற மாதிரி இருந்தா போதும்.

இதை அவன்கிட்ட போன்ல சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அங்கிள், அப்ப கார்புரேட்டர் மட்டும்..."னு இழுத்தான். பையன் திருந்தறதுக்கு நாளாகும்.

மாமா மட்டும் சந்தோஷமா இருக்கார். வர்ற ஞாயித்துக்கிழமை பத்மினியைத் துணி விலக்கி எடுக்கறோம், பதிவுக்கு முன்னாடி குர்லா மெக்கானிக்கிட்ட காட்டணும். மாமா முட்டி ஆபரேஷன் பண்ணினவர், அதனால ஓட்டப் போறது நான். ஸ்டியரிங் கியர் எனக்குப் புதுசு, ஏத்தத்துல நிக்காம இருக்கணும். பின்னாடியே எங்க ஆட்டோமேட்டிக்கை தங்கமணி ஓட்டிக்கிட்டு வர்றாங்க. நான் ஆஃப் பண்ணினா ஹாரன் அடிக்க மாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்காங்க. கத்த மாட்டேன்னு கொடுக்கலை.